நந்திக்கடலோரம் கேட்கப்படும் கேள்விகள்

நடந்த கொடுமையை நினைவுபடுத்துகிற இடங்களையும் காரியங்களையும் தவிர்த்து நடக்கிறீர்களா? போரையும் சித்திரவதையையும் கண்டு மீண்டவர்களிடம் உலகின் பல மூலைகளிலும் கேட்கப்படுகிற கேள்வி இது. ரிச்சர்ட் மொலிக்காவும் அவருடைய குழுவினரும் இந்தோசீன அகதிகளுக்காக உருவாக்கி 1992இல் வெளியிட்ட ஹார்வர்ட் மனவடு வினாக்கொத்தில் இதுவும் ஒன்று. ‘இல்லவே இல்லை’ என்பதிலிருந்து ‘மிக அதிகம்’ என்பது வரை நான்கு விடைகள். ஒன்றில் புள்ளடி போட்டால் சரி.

இதே கேள்வியை வற்றாப்பளையில் கேட்டால் என்ன விடை வரும்? ஊருக்குக் கிழக்கே நந்திக்கடல். அதற்கு அந்தக் கரை முள்ளிவாய்க்கால். இறாலுக்கு இறங்குகிறவர் அந்த நீரில்தான் இறங்க வேண்டும். மாடு தேடிப் போகிறவர் அந்தக் கரையோரமாகத்தான் போக வேண்டும். 2009 மே மாதத்தில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அந்தக் களப்பைக் கடந்து வந்த ஒருவர், இன்று அதே களப்பில் வலை வீசித்தான் அந்தப் பிள்ளையைப் படிப்பிக்கிறார். அவர் எதையும் தவிர்ப்பதில்லை. தவிர்க்க அவருக்கு வழியில்லை. ஆகவே அந்தக் கேள்விக்கு அவருக்குக் கிடைப்பது ஆகக் குறைந்த புள்ளி. படிவத்தை மட்டும் பார்க்கிறவருக்கு அவர் சுகமாக இருக்கிறார் என்றே தோன்றும்.

உளவியல் மதிப்பீடு என்றதும் பலர் ஏதோ ஒரே சோதனையை நினைத்துக்கொள்கிறார்கள். இரத்தம் எடுத்துச் சீனி பார்ப்பதுபோல மனதுக்கும் ஒன்று இருக்கும் என்ற எண்ணம். வன்னியில் அதற்கு மேல் ஒரு பயமும் உண்டு. அந்தப் பக்கம் போனால் ‘விசர்’ என்று ஊர் பெயர் வைத்துவிடும் என்ற பயம். உண்மையில் இந்தப் பெயருக்குள் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத பல வேலைகள் அடங்கியிருக்கின்றன. முன்பள்ளிப் பிள்ளை ஏன் இன்னும் கதைக்கவில்லை என்று பார்ப்பது ஒன்று. தலையில் செல் துண்டு பட்டவரின் மறதி எவ்வளவு என்று அளப்பது இன்னொன்று. புலம்பெயர்ந்த நாட்டில் தஞ்சம் கேட்பவர் சொல்வதை நீதிமன்றத்துக்கு விளக்குவது வேறொன்று. ஒன்றுக்குச் செய்த கருவியை மற்றதற்கு எடுத்தால் பிழைக்கும்.

இவை எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது நேர்முகம். படிவமும் இல்லை, புள்ளியும் இல்லை. உளமருத்துவர் எதிரே இருந்து கதைக்கிறார், கேட்கிறார், பார்க்கிறார். வந்தவர் எப்படி உடுத்தியிருக்கிறார், பேச்சு கோர்வையாக வருகிறதா, கண்ணைப் பார்க்கிறாரா, ஒருவருக்கும் கேட்காத குரல் அவருக்குக் கேட்கிறதா, எந்த இடத்தில் பேச்சு நின்றுபோகிறது என்பதையெல்லாம் ஒரு ஒழுங்கில் கவனித்துக் குறித்துக்கொள்கிறார். மனநிலைப் பரிசோதனை என்று இதற்குப் பெயர். பக்கத்தில் இருந்து பார்த்தால் வெறும் கதை போலத்தான் இருக்கும். நல்ல உளமருத்துவர் ஒருவரின் கையில் இதைவிட நம்பத்தக்க கருவி இன்னும் வரவில்லை. ஆனால் இதற்கு நேரம் வேண்டும். கிளினிக் நாளில் வாங்கு நிறைய ஆட்கள் காத்திருக்கும் இடத்தில் ஆகத் தட்டுப்பாடான பொருள் அந்த நேரம்தான்.

அதனால்தான் குறுகிய வினாக்கொத்துகள் வந்தன. மனச்சோர்வுக்கான பி.எச்.கியூ-9 என்பதில் ஒன்பதே கேள்விகள். கடந்த இரண்டு கிழமையில் நித்திரை எப்படி, சாப்பாடு எப்படி, காரியங்களில் நாட்டம் இருக்கிறதா என்று போய், ஒன்பதாவதாகச் சாவைப் பற்றிய நினைவு வந்ததா என்று கேட்கும். மொத்தம் 27 புள்ளி. 10ஓ அதற்கு மேலோ வந்தால் மேலும் கவனித்துப் பார் என்று அர்த்தம். நோய் என்று அர்த்தமில்லை. இந்த வித்தியாசத்தை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. இது ஒரு சல்லடை மட்டுமே. சல்லடையில் நின்றதெல்லாம் கல்லும் இல்லை, கீழே போனதெல்லாம் அரிசியும் இல்லை. ஆனால் வலைத்தளத்தில் இதைத் தானே நிரப்பிவிட்டு ‘எனக்கு டிப்ரெஷன்’ என்று முடிவுகட்டுகிற பிள்ளைகளும் இருக்கிறார்கள். புள்ளி குறைவு என்று சொல்லித் தாயைத் திருப்பி வீட்டுக்குக் கூட்டிப் போகிற குடும்பங்களும் இருக்கின்றன.

வன்னியில் இந்த ஒன்பது கேள்விகளுக்கு வரும் விடைகளைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். நித்திரை இல்லை என்று ஒரு கமக்காரர் சொன்னால், அது மனச்சோர்வாக இருக்கலாம். வயலில் யானைக்காவல் இருந்துவிட்டு வந்தவராகவும் இருக்கலாம். பசி இல்லை என்று ஒரு பெண் சொன்னால் அது நோயின் அறிகுறியா, பிள்ளைகளுக்குப் போட்டு மிஞ்சியதைச் சாப்பிட்டுப் பழகியவரின் வழமையா? எப்போதும் உசாராகவே இருக்கிறீர்களா என்பது மனவடு வினாக்கொத்துகளில் வரும் இன்னொரு கேள்வி. பக்கத்திலேயே கேப்பாப்பிலவு. தங்கள் காணி இராணுவத்திடம் இருக்கிறது என்று 2017இல் ரோட்டோரம் பந்தல் போட்டு மாதக்கணக்கில் இருந்த சனங்களிடம் அந்தக் கேள்வியைக் கேட்டால், உசாராக இருப்பதை நோயின் கணக்கில் எழுதுவதா, வாழ்க்கையின் கணக்கில் எழுதுவதா?

மொழியின் சிக்கல் இதைவிடப் பெரியது. 1977இல் அமெரிக்காவில் வெளியான ஒரு மனச்சோர்வு அளவுகோலில் கவலையை நீல நிறத்தால் குறிக்கும் சொல்வழக்கு அப்படியே கேள்வியாக இருக்கிறது. பிரசவத்துக்குப் பிந்திய மனச்சோர்வைப் பார்க்கும் எடின்பரோ அளவுகோலில், சமாளிக்க முடியாத நிலையைச் சொல்ல, காரியங்கள் தலைக்கு மேலே ஏறிவருகின்றன என்ற பொருளில் ஒரு ஆங்கில மரபுத்தொடர் இருக்கிறது. இவற்றைச் சொல்லுக்குச் சொல் தமிழாக்கினால் கேட்பவர் முழிப்பார். நம் சனம் கவலையை நிறத்தில் சொல்வதில்லை, உடம்பில் சொல்கிறது. ‘நெஞ்சுக்குள்ள எரியுது.’ ‘தலை விறைக்குது.’ ‘கையும் காலும் ஒரே உளைவு.’ ‘ஒரே யோசினை.’ ஒன்றும் சொல்லாமல் விடுகிற பெருமூச்சும் ஒரு வாக்கியம்தான் என்பதை இங்கே வேலை செய்த உளமருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.

இதற்கு ஒரு நல்ல ஆதாரம் 1994இல் பிரிட்டிஷ் உளமருத்துவ சஞ்சிகையில் வெளிவந்த கட்டுரை. எழுதியவர்கள் தயா சோமசுந்தரமும் சிவயோகனும். வடக்கில் எழுந்தமானமாகத் தெரிந்தெடுத்த 98 பேரிடம் நெருக்கீட்டுத் தாக்க வினாக்கொத்து ஒன்றைக் கொண்டு கேட்டிருக்கிறார்கள். போரின் நெருக்கீடு எதையும் காணாதவர்கள் 6 சதவீதம் மட்டும். 64 சதவீதமானோரிடம் ஏதோ ஒரு உளத்தாக்கம் தெரிந்தது. அவற்றில் முதலிடம் எதற்கு? மனவடு நோய்க்கு இல்லை. உடல் நோவாக வெளிப்படும் உளத்துயருக்கு, 41 சதவீதம். நெருக்கீட்டின் பின்னான மனவடு நோய் 27, பதகளிப்பு 26, பெரும் மனச்சோர்வு 25. மனவடு நோயை மட்டும் தேடுகிற கருவியோடு போயிருந்தால் ஆகப் பெரிய துயரம் கண்ணில் படாமலே போயிருக்கும். தலையிடி, நாரி நோவு என்று வெளிநோயாளர் பிரிவில் குளிசை வாங்கிக்கொண்டு போகிறவர்களின் வரிசையில் அது நின்றுகொண்டிருந்தது.

‘மனவடு’ என்ற சொல்லைத் தமிழ் வாசகர்களிடம் கொண்டுபோனதிலும் சோமசுந்தரத்துக்குப் பெரிய பங்குண்டு. 1993இலேயே அந்தப் பெயரில் தமிழில் ஒரு நூல் எழுதினார். வவுனியாவில் வேலை செய்த வைத்தியர் சிவதாஸ் எழுதிய ‘நலமுடன்’ இன்னொன்று. நோய்க்குப் பெயரும் விளக்கமும் சொந்த மொழியில் இருந்தால்தான் மதிப்பீட்டுக் கேள்வியும் சொந்த மொழியில் பிறக்கும். இந்த வேலையைச் செய்தவர்களை நம் பத்திரிகைகள் இன்னும் போதுமான அளவு கொண்டாடவில்லை.

அடுத்தது கணக்கெடுப்பு. இது தனியொருவருக்கான மதிப்பீடு இல்லை, ஒரு சனத்தொகைக்கானது. வன்னிச் சனம் ஆகக் கூடுதலாகச் சந்தித்தது இதைத்தான். 2002 சமாதானக் காலத்தையொட்டி ஜேர்மனியின் கொன்ஸ்டன்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் இங்குள்ள ஆசிரியர்களுக்கே உளவளத்துணைப் பயிற்சி கொடுத்து, அவர்களைக் கொண்டு வன்னியின் 420 பாடசாலைப் பிள்ளைகளிடம் ஆய்வு செய்தார்கள். சண்டை, குண்டுவீச்சு, உறவினரின் சாவு என்று கடும் அதிர்ச்சி ஒன்றையாவது கண்டவர்கள் 92 சதவீதம். நாலில் ஒரு பிள்ளைக்கு மனவடு நோய் இருந்தது. ஆய்வு 2009இல் அச்சானபோது, அதே வன்னியின் பிள்ளைகள் அதைவிடப் பெரிய ஒன்றுக்குள் அகப்பட்டுக் கிடந்தார்கள்.

2004 டிசம்பர் 26 கடல்கோளுக்குப் பிறகு மூன்று நான்கு கிழமைக்குள் மணற்காடு, கொஸ்கொட, காலி ஆகிய மூன்று இடங்களில் 264 பிள்ளைகளிடம் கேட்டபோது மனவடு நோய் 14 முதல் 39 சதவீதம் வரை இருந்தது. 2009 ஜூலையிலிருந்து செப்டம்பர் வரை யாழ்ப்பாண மாவட்டத்தில் 1,517 குடும்பங்களைத் தெரிந்தெடுத்து நடத்திய ஆய்வில் அந்த நோய் மொத்தத்தில் 7 சதவீதம். ஆனால் அப்போது முகாம்களில் இருந்தவர்களை மட்டும் எடுத்தால் 13. அவர்களிடம் மனச்சோர்வு 41.8 சதவீதம், பதகளிப்பு 48.5. இந்த எண்களை ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாக வைத்து எது சரி என்று கேட்பது பொருந்தாது. காலம் வேறு, ஆட்கள் வேறு, கேள்வி வேறு. எத்தனை உளவளத்துணையாளர்கள் தேவை, எத்தனை கட்டில்கள் தேவை, எந்த மாவட்டத்துக்கு முதலில் அனுப்புவது என்று திட்டமிடத்தான் இவை பயன்பட வேண்டும்.

பயன்பட்டனவா என்பதுதான் வலிக்கிற இடம். கடல்கோளின் பிறகு உலகெங்கிலுமிருந்து படிவங்களோடு வந்து இறங்கியவர்களைப் பற்றி அமெரிக்கப் பத்திரிகையாளர் ஈதன் வாட்டர்ஸ் 2010இல் வெளியான தன் நூலில் ஒரு அத்தியாயமே எழுதியிருக்கிறார். கேள்வி கேட்டார்கள், குறித்துக்கொண்டார்கள், போனார்கள். போர் முடிந்ததும் நேர்மாறு. செட்டிகுளம் மெனிக்பாமில் இலட்சக்கணக்கில் சனம் அடைபட்டுக் கிடந்தது. ஆனால் உளசமூகப் பணி செய்ய முன்வந்த தொண்டு நிறுவனங்கள் ஜனாதிபதி செயலணியின் அனுமதிக்காகக் காத்திருந்தன. பல வேளைகளில் அந்த அனுமதி கிடைக்கவில்லை. ஒரு தாயிடம் அவளுடைய ஆகக் கொடிய நாளைப் பற்றிக் கேட்டுவிட்டு, அதன் பிறகு அவளுக்கு ஒன்றுமே செய்யாமல் எழும்பிப் போவது மதிப்பீடு ஆகாது. அப்படிக் கேட்க எவருக்கும் உரிமை இல்லை.

இதே கடல்கோள் நல்ல ஒன்றுக்கும் வித்திட்டது. இலங்கையில் பிறந்த உளவியலாளர் காயத்ரி பெர்னாண்டோ மேற்கத்தைய படிவத்தை மொழிபெயர்க்காமல், இங்குள்ள சனங்களிடமே கதை கேட்டு, அவர்கள் துயரத்தை எப்படிச் சொல்கிறார்கள் என்று தொகுத்து, அதிலிருந்து இலங்கைக்கென்றே ஒரு உளசமூக அளவுகோலைச் செய்தார். 2008இல் வெளிவந்தது. பிறகு நுவன் ஜயவிக்கிரமவும் குழுவினரும் வடக்கு கிழக்கில் தமிழ் பேசுவோரிடம் போரின் விளைவான பிரச்சினைகள் என்ன என்று கேட்டு இன்னொரு வினாக்கொத்தைச் செய்தார்கள். பென்சில்வேனியா பல்கலைக்கழகமும் பேராதனையும் அதில் சேர்ந்திருந்தன. வேலை, காணி, குடும்பம் என்று சனம் சொன்ன பிரச்சினைகள் அதில் இருக்கின்றன. மனதை அளக்கிற படிவத்தில் காணி எப்படி வந்தது என்று வெளியூர்க்காரர் கேட்கலாம். கேப்பாப்பிலவில் எவரும் கேட்க மாட்டார்கள்.

பிள்ளைகளின் மதிப்பீடு தனி உலகம். இன்று ஐ.கியூ. என்று எல்லோரும் சொல்லுகிற சமாச்சாரத்தின் வேர் 1905இல் பாரிஸில் அல்பிரட் பினேயும் தியோடோர் சிமோனும் செய்த அளவுகோல். வகுப்பில் பின்தங்குகிற பிள்ளைக்கு என்ன உதவி தேவை என்று கண்டுபிடிக்கத்தான் அதைச் செய்தார்கள். பின்னர் அது அமெரிக்காவுக்குப் போய், ஆட்களைத் தரம் பிரிக்கிற கோலாக மாறியது. 1917இலிருந்து முதலாம் உலகப் போருக்கு ஆளெடுத்தபோது சுமார் 17 இலட்சம் பேரைச் சோதித்தார்கள். எழுத வாசிக்கத் தெரியாதவர்களுக்குப் படங்களைக் கொடுத்து, படத்தில் எது குறைகிறது என்று கேட்டார்கள். ஒரு படத்தில் டெனிஸ் மைதானம். நடுவில் வலை இல்லை. டெனிஸைக் கண்ணாலும் கண்டிராத குடியேறிக்கு அது எப்படித் தெரியும்? தெரியாதவர்களைப் புத்தி குறைந்தவர்கள் என்று எழுதினார்கள். நம் பிள்ளை ஒன்றுக்கு இரட்டை மாட்டு வண்டியில் நுகம் இல்லாத படத்தைக் காட்டினால் சொல்லிவிடும். லண்டன் பிள்ளை சொல்லாது. இரண்டு பிள்ளைகளின் புத்தியிலும் குறையில்லை.

1979இல் கலிபோர்னியாவில் நீதிபதி ரொபர்ட் பெக்கம் கொடுத்த தீர்ப்பு இந்தக் கதையில் ஒரு திருப்பம். கறுப்பினப் பிள்ளைகளைப் பின்தங்கியோர் வகுப்பில் போட ஐ.கியூ. சோதனையைப் பயன்படுத்தக் கூடாது என்றார். ரொறொன்ரோவிலும் லண்டனிலும் தமிழ்ப் பிள்ளையை ஆங்கிலத்தில் மட்டும் சோதித்து ஒரு எண்ணைக் கையில் கொடுத்தால், பெற்றோர் இந்தத் தீர்ப்பை நினைத்துக்கொள்ளலாம். வீட்டில் எந்த மொழி பேசப்படுகிறது என்று சோதித்தவர் கேட்டாரா என்பதே முதல் கேள்வி.

இந்தியாவில் பினேயின் அளவுகோலை வி.வி. காமத் 1934இல் கன்னடத்துக்கும் மராத்திக்கும் ஏற்றபடி மாற்றினார். பினே-காமத் சோதனை என்று தமிழ்நாட்டிலும் இன்னும் புழக்கத்தில் இருக்கிறது. அங்கே அந்த எண்ணுக்குப் பெரிய பாரம் உண்டு. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் கீழ் 40 சதவீதக் குறைபாடு என்று சான்றிதழ் கிடைத்தால்தான் பல சலுகைகளும் உதவித்தொகையும் கிடைக்கும். ஆகவே மதிப்பீடு என்பது அந்தக் குடும்பத்துக்கு மாதச் செலவுக்கான வாசல்.

ஓட்டிசம் விடயத்தில் இலங்கையில் நடந்த ஒன்று எல்லாப் பெற்றோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். கொழும்புப் பல்கலைக்கழகத்தின் சிறுவர் உளமருத்துவர் ஹேமமாலி பெரேரா, 18 முதல் 24 மாதம் வரையான 374 குழந்தைகளைப் பார்த்தார். 93 பேருக்கு ஒருவர் என்ற கணக்கில் ஓட்டிசம் தெரிந்தது. ஆனால் உலகமெங்கும் பெயர்பெற்ற வினாக்கொத்தைத் தாய்மாரிடம் கொடுத்தபோது அது இந்தக் குழந்தைகளைப் பிடிப்பதில் தடுமாறியது. பிள்ளை விரலால் சுட்டிக் காட்டுகிறதா, மற்றப் பிள்ளைகளோடு சேர்கிறதா என்று எழுத்தில் கேட்டால், தாய் தன் பிள்ளைக்குப் பரிந்து ‘ஓம்’ என்றுதான் சொல்வாள். ஆகவே பெரேரா வேறொன்று செய்தார். கேள்விகளைப் படங்களாக்கினார். ஒவ்வொரு நடத்தையையும் படத்தில் காட்டி, உங்கள் பிள்ளை இப்படியா என்று கேட்பது. பார்த்தவுடன் தாய்க்குப் புரிகிறது. கூர்மையான யோசனை, செலவும் குறைவு. முல்லைத்தீவின் ஒவ்வொரு முன்பள்ளிக்கும் இப்படியொன்று போக வேண்டும். பிள்ளை நாலு வயதாகியும் கதைக்காவிட்டால் ‘தகப்பனும் பிந்தித்தான் கதைச்சவர்’ என்று பொறுத்திருக்கிற வழக்கம் இங்கே இன்னும் இருக்கிறது. அந்தப் பொறுமையில் போவது திரும்பிக் கிடைக்காத வருடங்கள்.

ஆளுமைச் சோதனைகளை ஓரிரு வரியில் கடந்துவிடலாம். மினசோட்டாவில் 1943இல் வந்த நீண்ட வினாக்கொத்து, ஹெர்மன் ரோஷாக் 1921இல் வெளியிட்ட பத்து மைக்கறை அட்டைகள் போன்றவை சினிமாவில் வருகிற அளவுக்கு நம் கிளினிக்குகளில் வருவதில்லை. வேலைக்கும் படைக்கும் ஆள் எடுக்கும் இடத்தில் இவற்றின் உறவுக்காரச் சோதனைகள் உண்டு. இந்திய இராணுவத்தின் அதிகாரித் தேர்வில் 60 சொற்களைக் காட்டுவார்கள். சொல்லுக்கு 15 விநாடி. மனதில் பட்டதை எழுத வேண்டும். கோச்சிங் வகுப்பில் விடைகளைப் பாடமாக்கிக்கொண்டு போகிற இளைஞர்கள் அந்த வேகத்தில் அகப்பட்டுக்கொள்கிறார்கள்.

மூளையின் வேலையை அளக்கிற சோதனைகள் வன்னிக்கு மிக நெருக்கமானவை. தலையில் செல் துண்டோடு வாழ்கிறவர்கள் இங்கே இருக்கிறார்கள். வெடி அதிர்ச்சியில் நினைவு குன்றியவர்கள் இருக்கிறார்கள். வயது போய் மறதி வந்தவர்களும் இருக்கிறார்கள். 1975இல் வந்த முப்பது புள்ளிச் சிறு மனநிலைச் சோதனைதான் இன்றும் பல இடங்களில் முதல் கருவி. இன்று என்ன திகதி, என்ன பருவகாலம், நூறிலிருந்து ஏழேழாகக் கழி, இந்தப் படத்தைப் பார்த்துக் கீறு. எழுபது வயதுக் கமக்காரர் ஒருவரிடம் இது என்ன பருவம் என்று கேட்டால் ‘காலபோகம் வெட்டி முடிஞ்சுது, இனிச் சிறுபோகத்துக்குத் தண்ணி பாக்கவேணும்’ என்பார். வசந்தம், கோடை என்று நாலாகப் பிரித்த படிவத்தில் அதற்குக் கட்டம் கிடையாது. ஆனால் அவருடைய மூளை காலத்தைச் சரியாகப் பிடித்து வைத்திருக்கிறது என்பதற்கு அதைவிட நல்ல விடை உண்டா? வட இந்தியாவின் பல்லப்கரில் மேரி கங்குலியும் குழுவினரும் 1995இல் இதைத்தான் செய்தார்கள். எழுத வாசிக்கத் தெரியாத கிராமத்து முதியவர்களுக்காக முழுச் சோதனையையும் அவர்களுடைய வாழ்க்கைக்கு ஏற்ப மாற்றி இந்தியில் அமைத்தார்கள். கழித்தல் கணக்குத் தெரியாதவரிடம் கிழமை நாட்களைப் பின்னாலிருந்து சொல்லச் சொல்லலாம். ஈழத்துப் பேச்சில் அப்படியொன்றைச் செய்ய யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துக்கும் வன்னி வைத்தியசாலைகளுக்கும் ஆற்றல் இருக்கிறது.

நீதிமன்றத்துக்குப் போகிற மதிப்பீட்டில் எழுத்துக்கு எழுத்து உயிர் தொங்கும். சித்திரவதையை எப்படிப் பதிவு செய்வது என்று 1999இல் இஸ்தான்புல் நெறிமுறை வகுக்கப்பட்டது. உடம்பின் தழும்பும் மனதின் நிலையும் அவர் சொல்லும் கதையோடு எவ்வளவு பொருந்துகின்றன என்பதை ‘பொருந்தவில்லை’ என்பதிலிருந்து ‘வேறெதுவாகவும் இருக்க முடியாது’ என்பதுவரை ஐந்து படிகளில் எழுத வேண்டும். இலங்கைத் தமிழர் ஒருவரின் முதுகிலும் கையிலும் இருந்த சூட்டுத் தழும்புகளைப் பார்த்த பிரிட்டன் தீர்ப்பாயம், தஞ்சம் கேட்பதற்காக அவரே யாரையாவது கொண்டு சூடு வைப்பித்திருக்கலாம் என்று சந்தேகித்தது. வழக்கு மேலே மேலே போய், 2019 மார்ச் 6ஆம் திகதி பிரிட்டனின் உச்ச நீதிமன்றம் அந்த முடிவை ஒதுக்கி, திரும்ப விசாரிக்கச் சொன்னது. வைத்தியர் தழும்பை மட்டும் அளந்துவிட்டு நின்றுவிட வேண்டியதில்லை, கதையோடு அது எவ்வளவு ஒத்துப்போகிறது என்பதையும் சொல்லலாம் என்று நீதிமன்றம் தெளிவாக்கியது.

கதை மாறுவது பற்றியும் ஒரு வார்த்தை. முதல் நேர்முகத்தில் சொன்னதும் இரண்டாவதில் சொன்னதும் ஒத்துவரவில்லை என்று எத்தனையோ தஞ்சக் கோரிக்கைகள் தள்ளப்பட்டிருக்கின்றன. 2002இல் பிரிட்டிஷ் மருத்துவ சஞ்சிகையில் ஜேன் ஹேர்லிஹியும் மற்றவர்களும் எழுதினார்கள். கொசோவோ, பொஸ்னியா அகதிகளிடம் இரண்டு முறை ஒரே சம்பவத்தைக் கேட்டபோது, பொய் சொல்லத் தேவையே இல்லாத நிலையிலும் விவரங்கள் மாறின. பக்க விவரங்கள் இன்னும் அதிகமாக மாறின. மனவடு நோயின் அளவு கூடியவர்களிடம், இரண்டு நேர்முகங்களுக்கும் இடைவெளி கூடக் கூட, மாற்றமும் கூடியது. தஞ்ச விண்ணப்பத்தோடு போகிற உளவியல் அறிக்கையின் வேலை இதை நீதிபதிக்குப் புரியவைப்பதுதான்.

இத்தனை கருவிகள் இருந்தும் வற்றாப்பளையிலும் முல்லைத்தீவிலும் உள்ள ஒரு துயரத்துக்குப் பொருந்தக்கூடிய கருவி இன்னும் கைக்கு வரவில்லை. காணாமல் ஆக்கப்பட்டவர்களின் குடும்பங்கள் 2017 மார்ச் 8 அன்று முல்லைத்தீவில் தொடர் போராட்டம் தொடங்கின. ‘நீடித்த துயர நோய்’ என்ற ஒன்று இப்போது உலகின் இரண்டு பெரிய நோய்ப் பட்டியல்களிலும் ஏறிவிட்டது. உறவினர் இறந்து ஆறு மாதம் கடந்தும் துயரம் தணியவில்லையா என்று ஒன்று கேட்கிறது. பன்னிரண்டு மாதம் என்கிறது மற்றது. இறந்ததாகவே ஒப்புக்கொள்ளாத தாயிடம் இதை எந்தத் திகதியிலிருந்து எண்ணுவது? மரணச் சான்றிதழை வாங்க மறுத்தவர்கள் அவர்கள். வியட்நாமில் காணாமற்போன விமானிகளின் மனைவிமாரைப் பார்த்த ஆய்வாளர் போலின் பொஸ் இதற்கு வைத்த பெயர் தெளிவற்ற இழப்பு. நோய் அந்தப் பெண்ணிடம் இல்லை, அவளுக்கு நேர்ந்த நிலைமையில்தான் இருக்கிறது என்று அவர் சொன்னது நம் தாய்மாருக்கு அப்படியே பொருந்தும்.

மட்டக்களப்பின் அம்மன் கோயில்களில் தெய்வமாடுகிறவர்களிடம் போய், என் பிள்ளை எங்கே, இருக்கிறானா என்று கேட்ட குடும்பங்களைப் பற்றி மானுடவியலாளர் பற்றீசியா லோரன்ஸ் எழுதியிருக்கிறார். அங்கே படிவம் இல்லை. ஆனால் கேள்வி கேட்கப்பட்டது, விடை வந்தது, அழ இடம் கிடைத்தது. வற்றாப்பளைக் கண்ணகி அம்மனிடம் வருகிறவர்களுக்கும் அது தெரியும். உப்புநீரில் விளக்கெரித்த அம்மன், நீதி கேட்டுப் பாண்டியன் சபைக்குப் போன பெண். உளமருத்துவர் கிளினிக்குக்குப் போகிறவர் கோயிலை விட வேண்டியதில்லை. கோயிலுக்குப் போவதால் கிளினிக் தேவையில்லை என்றும் ஆகாது. இரண்டையும் சேர்த்துப் பிடித்தால்தான் இங்கே வேலை நடக்கும் என்பதைச் சோமசுந்தரம் பல இடங்களில் எழுதியிருக்கிறார்.

மதிப்பீட்டுக்குப் போகிறவர்கள் தயங்காமல் மூன்று விடயங்களைக் கேட்கலாம். இது எதற்காகச் செய்யப்படுகிறது? தமிழ் பேசுகிறவர்களிடம் இது சரிபார்க்கப்பட்டிருக்கிறதா? அறிக்கை யார் கைக்குப் போகும்? மாஞ்சோலையில் உள்ள முல்லைத்தீவு மாவட்ட வைத்தியசாலைக்குப் போக முடியாதவர்கள் தேசிய உளநல நிறுவனத்தின் 1926 என்ற இலக்கத்துக்குத் தமிழிலும் கதைக்கலாம்.

இப்படி ஒரு கிளினிக் நாளை நினைத்துப் பாருங்கள். அறுபதைத் தாண்டிய ஒரு அம்மா. மடியில் துணிப்பை, பைக்குள் கிளினிக் கொப்பி, கொப்பிக்குள் மகனின் படம். எதிரே இளவயது உளவளத்துணையாளர். மேசையில் ஒன்பது கேள்விகள் கொண்ட தாள்.

“நித்திரை எப்பிடி அம்மா?”

“எங்கை பிள்ளை வருது. கண்ணை மூடினா அவன்ர முகம்தான்.”

மூன்று புள்ளி. சாப்பாட்டுக்கு இரண்டு. ஒவ்வொன்றாக வந்து ஒன்பதாவதில் பேனா நிற்கிறது. தாளை ஒருபக்கம் வைத்துவிட்டு அந்தப் பிள்ளை மெல்லக் கேட்கிறாள். இருந்து என்ன, செத்துப்போனால் நல்லது என்று எப்பவாவது நினைச்சனீங்களோ அம்மா?

“அதெப்பிடி? நான் போனா, அவன் வந்தா ஆர் சோறு குடுக்கிறது?”

அந்தக் கட்டத்தில் பூச்சியம் விழுகிறது. பக்கத்தில், ஓரத்தில், அம்மா சொன்னதை அப்படியே எழுதி வைக்கிறாள். அடுத்த தவணைக்கு வைகாசியில் ஒரு திங்கட்கிழமையைக் குறிக்கிறாள்.

“திங்கள் வேண்டாம் பிள்ளை. அண்டைக்கு அம்மாளாச்சிக்குப் பொங்கல்.”

கொப்பியில் திங்களை வெட்டிவிட்டு வியாழன் என்று எழுதிக் கொடுக்கிறாள்.